இருபத்தெட்டாவது மீன்

துலாம்பென், பாலி
10 ஏப்ரல் 1996

அக்கா மர்வியாவுக்குத் தம்பி பொண்டாங் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முட்டுவலி, மச்சானின் இருமல், பள்ளிக்கூடத்துக் கூரை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

ஊரை விட்டு வந்து எட்டு மாதமாகிவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, கேட்டால் சிரிப்பாய். விடியற்காலையில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் முட்டுத்தலை மீனைக் காட்டுகிறேன். நம் ஊரில் கல்யாணத்துக்கு அறுத்துக் குழம்பு வைக்கிற அதே மீன்தான். அதே ஆள் நீளம், நெற்றியில் அதே புடைப்பு, உதட்டுக்கு வெளியே நிற்கும் அதே பல். அந்த முகத்தைப் பார்க்க இவர்கள் இரண்டு விமானம் மாறி வருகிறார்கள். பார்த்துவிட்டு மேலே வந்ததும் அழுகிறார்கள். ஒருத்தி, மீனைப் பெற்றதே நான்தான் என்பதுபோல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

கரையோரத்தில் யுத்தகாலத்துக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. மந்தை அதற்குள் தூங்குகிறது. வெளிச்சம் வந்ததும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வெளியே வந்து பவளத்தைக் கடிக்கத் தொடங்கும். கடலில் தூண்மேல் நிற்கிற நம் வீட்டுத் தரைப்பலகை இடுக்கில் கேட்குமே, அதே சத்தம். ஆனால் கரையில் மணல் கிடையாது. எல்லாம் கறுப்புக் கல். இந்த ஊர்ப் பெண்கள் காற்று உருளையைத் தலையில் சுமந்துகொண்டு அந்தக் கல்லின்மேல் நடக்கிறார்கள். நான் இன்னும் தடுக்கி விழுகிறேன்.

முதலாளி பெயர் ஹெண்ட்ரிக். "உங்க ஊர்ல இந்த மந்தை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். வாய் இருக்கிறதே! அக்டோபரில் படகோடு வந்து பார்க்க ஆசைப்படுகிறார். கிழக்கு முனையில் இப்போது எத்தனை இருக்கும் என்று எழுது. எண்ணிக்கை மட்டும் போதும்.

உம்மாவின் கபருக்கு என் சலாம் சொல்.

பொண்டாங்


மந்தாலு
6 மே 1996

தம்பி பொண்டாங்குக்கு, வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் மூன்று கப்பல் மாறி, ஒரு மூலையைக் கோழி கொத்திய நிலையில் வந்து சேர்ந்தது. முட்டுவலி இருக்கிறது. இருமல் இருக்கிறது. கூரை இல்லை.

ஊரில் செய்தி ஒன்றுதான். நம் ஊர்த்தலைவர் ஹாஜி லகாடேயின் முதல் மனைவி திரும்பி வந்துவிட்டாள். அவள் மௌத்தாகிப் பதினோரு வருடம் என்பது உனக்குத் தெரியும். நாம் அடக்கம் செய்கிற மணல்திட்டு, அந்தக் கபர்த் திட்டின் மேற்கு ஓரம் சரிந்து, அவள் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் பலகை மிதந்து வந்து ஹாஜி வீட்டுத் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. பலகையில் பெயர் இருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டாம் மனைவி, "அவ வீட்டுக்கு அவ வர்றா, கேக்க நான் யாரு?" என்று சொல்லிவிட்டுத் தாய்வீடு போய்விட்டாள். ஹாஜி பலகையைக் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் மறுபடி வந்து கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தது. இப்போது படகைக் கட்டுகிற மாதிரிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்.

திட்டு கரைந்துகொண்டே வருகிறது. நம் மணல் முழுக்க முட்டுத்தலை மீன் பவளத்தைத் தின்று கழித்தது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இல்லை, வாப்பா சொன்னது. நம் பெரியவர்களை எல்லாம் அதில்தான் அடக்கியிருக்கிறோம் என்றதும் பிள்ளைகளுக்கு மரியாதை கூடிவிட்டது. மீன்மேல்தான்.

எத்தனை மீன் என்று கேட்டிருந்தாய். எண்ணுவதற்கு ஒன்றாவது கண்ணில் படவேண்டும். நீ புறப்பட்டுப்போன வாரத்திலிருந்து கடிக்கும் சத்தமே இல்லை. நீ இல்லாததால் வீடு அமைதியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

உம்மாவிடம் உன் சலாமைச் சொன்னேன். நேரில் சொல்வது நல்லது.

மர்வியா


துலாம்பென்
9 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு, சலாம். உன் சுகத்துக்குத் துஆ செய்கிறேன். கூரைக்கும்.

மீன் இடம் மாறியிருக்கும். மந்தை அப்படித்தான். அக்டோபருக்குள் திரும்பி வந்துவிடும் என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. தினமும் காலையில் மந்தையை எண்ணி முதலாளியின் நோட்டில் எழுதவேண்டும். விருந்தாளிகளும் எண்ணுவார்கள். அவர்கள் கணக்கில் இருபத்தேழு. என் கணக்கில் இருபத்தெட்டு. நேற்று ஒரு ஜெர்மன்காரர், கணக்கு வாத்தியாராம், மூன்று முறை படம் எடுத்து எண்ணிக் காட்டினார். இருபத்தேழுதான். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். இன்னொன்று கப்பலின் உடைந்த வயிற்றுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மற்றவை போன பிறகும் போகவில்லை.

தண்ணீருக்குள் கண் ஏமாற்றும். எழுதத் தோன்றியது, எழுதினேன்.

எல்லோருக்கும் சலாம்.

பொண்டாங்


மந்தாலு
12 ஜூலை 1996

தம்பிக்கு, சலாம். இங்கு எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் மச்சான் இருமுகிறார்.

போன வாரம் நகரத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். திட்டு ஏன் கரைகிறது என்று ஆராய்ந்து, பெண்கள் பாத்திரம் தேய்க்க மணல் எடுப்பதால்தான் என்று கண்டுபிடித்துவிட்டு, திட்டின் நடுவில் ஒரு பெரிய பலகை நட்டார். அதில் முட்டுத்தலை மீனின் படம், கீழே 'பிடிக்காதீர்'. ஹாஜி கேட்டார்: "ஐயா, மீனே இல்லியே, யாரைப் பிடிக்காம இருக்கிறது?" அதிகாரி சொன்னார்: "பலகை நட்டாச்சில்ல, இனி வந்துரும்." ஐந்தாம் நாள் பலகை சாய்ந்தது. ஆறாம் நாள் அதுவும் ஹாஜி வீட்டுக்கே வந்துவிட்டது. பாவம், முதல் மனைவிக்குப் பக்கத்திலேயே கட்டிப் போட்டிருக்கிறார்.

இனி வேடிக்கை இல்லை. மேற்கு வரிசையில் ஒன்பது கபர்கள் போய்விட்டன. மேல்காற்றுக் காலம் தொடங்குமுன், டிசம்பருக்குள், மீதி எல்லோரையும் தோண்டி எடுத்துப் பெரிய தீவின் குன்றுக்குக் கொண்டுபோக ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது. கரைக்காரர்கள் இடம் கொடுத்துவிட்டார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெற்ற மகன் கைதான் முதல் பிடி மணலை அள்ளவேண்டும். வேறு கை பட்டால், இறந்தவள் தன்னை யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். உம்மாவுக்கு மகன் ஒருத்தன்தான்.

உம்மா ஏன் திட்டின் கிழக்கு ஓரத்தைக் கேட்டு வாங்கினாள் என்று நினைவிருக்கிறதா? அவளுடைய மீசான் கட்டையும் பள்ளிவாசல் தகரக் கூம்பும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில்தான் மந்தை தூங்கும். இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் சேர்த்துக் கடலில் இடம் பிடிக்கிற வாப்பாவின் கணியம் அது. பழைய தென்னை விழுந்துவிட்டதால் அடையாளம் இல்லாமல் போனது. "செத்த பொறவாவது உருப்படியா ஒரு வேலை செய்யுறேன், என்னை அங்க நடுங்க" என்றாள். கல்யாணத்துக்கு ஒரு மீன், அதற்குமேல் இல்லை என்று சொல்லி, அந்தக் கோட்டை நம் இருவருக்கும் மட்டும் காட்டினாள்.

கட்டை இன்னும் நிற்கிறது. நீ வந்தால் போதும்.

மர்வியா


துலாம்பென்
20 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு, சலாம். மச்சானுக்கு இருமல் மருந்தும், உம்மாவைச் சுற்றப் புதுக் கஃபன் துணியும், பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட்டும் அனுப்பியிருக்கிறேன். துணி நல்ல துணி.

இது விருந்தாளிகள் குவியும் காலம். முதலாளி விடமாட்டார். அக்டோபரில் பார்க்கலாம். நவம்பர் நிச்சயம்.

அந்த இருபத்தெட்டாவதைக் கிட்டத்தில் பார்த்தேன். மற்றவை தங்களுக்குள் மண்டையை மோதிக்கொண்டு விலகிப் போகும். அது மட்டும் என் எதிரே வந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. நெற்றிப் புடைப்பில் ஒரு ஓட்டை, அதற்குள் துருப்பிடித்த இரும்பு. பிறகு பவளத்தின் பக்கம் போய் வாயை வைத்தது. சத்தம் வரவில்லை. கழித்தது. மணல் விழவில்லை.

அக்கா, வீட்டில் என் ஈட்டி மூலையில்தானே இருக்கிறது? பார்த்து எழுது.

பொண்டாங்


மந்தாலு
18 செப்டம்பர் 1996

தம்பிக்கு, சலாம். மருந்து வேலை செய்கிறது. மச்சான் இப்போது இனிப்பாக இருமுகிறார்.

ஈட்டி மூலையில் இருக்கிறது. முனை இல்லை.

மீன் கப்பல் ஏறாது. இங்கிருந்து பாலிக்கு எத்தனை நாள் என்று உனக்கே தெரியும். நன்றாகத் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. அங்கே கசுவாமிப் பிட்டு கிடைக்குமா? மரவள்ளி இல்லாத வயிறு எதையாவது கண்டுகொண்டுதான் இருக்கும்.

நவம்பர் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மர்வியா


மந்தாலு
25 நவம்பர் 1996

பொண்டாங்குக்கு, சலாம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதி.

மற்ற வீட்டார் எல்லாம் தங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹாஜி பலகையை அவிழ்த்து முதல் மனைவியைக் குன்றில் குடியேற்றிவிட்டார். இரண்டாம் மனைவியும் வீடு திரும்பிவிட்டாள். திட்டில் இப்போது உம்மா மட்டும்.

சென்ற செவ்வாய் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெரிய படகு, காற்றுக்குழாய், ஆறு ஆட்கள். உன்னைப் பாலிக்குக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்ட அதே மீன் வியாபாரி, தவுக்கே. காப்பி கொடுத்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசினார்.

"டீச்சரம்மா, உங்க தம்பி காட்டுன கணியம் இப்ப சரியில்லியே. அந்தக் கட்டை சாயுது. போன தடவ அஞ்சு நாள்ல முப்பத்தெட்டு எடுத்தோம், தூங்குறதைத் தேங்கா பொறுக்குற மாதிரி. மிச்சம் நாலஞ்சு இருக்கும். எடமே பிடிபடல. வேற அடையாளம் ஏதும் உண்டா?"

சொல்லும்போதே கடலை நோக்கி விரலை நீட்டினார். "விரலை மடக்குங்க, கடலை அப்படிக் காட்டக்கூடாது" என்றேன். "உங்க தம்பி நீட்டித்தானே காட்டுனான்?" என்றார்.

அவரிடம் வேறு அடையாளம் சொன்னேன். பள்ளிவாசல் கூம்பும் ஹாஜி வீட்டுக் கக்கூஸும் ஒரே கோட்டில் வரும்வரை நேராகப் போங்கள் என்றேன். போனார். இரண்டு நாள் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பெரிய பெருக்கு வந்து படகைத் தூக்கிவிட்டது, அடிப்பலகை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இறைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். ஆசிரியை பொய் சொல்லலாமா என்று ஹாஜி கேட்டார். புவியியல் என் பாடம் அல்ல என்றேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதவேண்டும், அதற்கு நீ இன்னொரு மூன்று மாதம் எடுத்துக்கொள்வாய். காற்று மேற்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. கப்பல் ஏறு.

மர்வியா


துலாம்பென்
20 டிசம்பர் 1996

அக்கா, உனக்குச் சலாம் எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டதாக எடுத்துக்கொள். எல்லோரும் சுகம்தானே?

நான் காட்டியது ஒரு விடியலுக்குத்தான். தவுக்கே அப்படித்தான் கேட்டார். "ஒரே ஒரு நாள், ரெண்டு மீனு, எம்பொண்ணு கல்யாணத்துக்கு" என்றார். கல்யாணம்தானே என்று நினைத்தேன். படகின் முனையில் நின்று விரலை நீட்டிக் காட்டினேன். மடக்கத் தோன்றவில்லை, அவர்கள் எல்லோரும் நீட்டுகிறவர்கள்.

முதல் நாள் ஒன்பது. நான் படகில் இருந்தேன். இரண்டாம் நாள் நானும் இறங்கினேன். அவை ஓடவில்லை அக்கா. பாறை இடுக்கில் தோளோடு தோள் சாய்ந்து தூங்கின, கப்பலின் மேல்தளத்தில் நம் ஆட்கள் படுத்திருப்பார்களே, அப்படி. பக்கத்தில் இருப்பது போனால் அந்த இடத்துக்கு மற்றது நகர்ந்து படுத்துக்கொண்டது. கடைசி நாள் ஒன்று மட்டும் கண்ணைத் திறந்தது. அப்போது வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. எறிந்தேன். முனை அதோடு போய்விட்டது. மேலே வந்து பார்த்தால் கபர்த் திட்டு, உம்மாவின் கட்டை. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதினால் நீ சிரிப்பாய். கட்டைக்குக் கண் ஏது!

அன்று மாலையே தவுக்கேயோடு புறப்பட்டேன்.

முதலாளியிடம் எங்கள் ஊரில் மீன் இல்லை என்று சொல்லிவிட்டேன். "நோட்டுல ஏன் தினம் இருபத்தெட்டு எழுதுற? எல்லாரும் இருபத்தேழுங்கிறாங்க" என்று கேட்டார். பார்க்கிறதை எழுதுகிறேன் என்றேன். இன்று காலையும் அது கப்பலின் வயிற்றுக்குள் நின்றது. எல்லாம் போன பிறகும் நின்றது.

எந்தக் கையால் அந்த மணலை அள்ளுவேன்? அதுதான் வரவில்லை. வேலை, விருந்தாளி என்று எழுதியதெல்லாம் சும்மா.

பொண்டாங்


மந்தாலு
11 ஜனவரி 1997

தம்பிக்கு, சலாம். உன்னிடமிருந்து கடிதம் ஏதாவது புறப்பட்டிருந்தால் அது எங்கோ ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேல்காற்றில் பத்து நாளாகக் கப்பல் இல்லை. அதனால் இதையும் நீ தாமதமாகத்தான் படிப்பாய். அவசரம் ஏதும் மிச்சமில்லை.

வியாழன் காலை திட்டின் கிழக்கு ஓரம் இடிந்தது. ஹாஜி தன் படகை எடுத்துக்கொண்டு வந்து, "மர்வியா, இன்னைக்கு விட்டா உங்கும்மாவும் என் வீட்டுக்குத்தான் வருவா, என்னால முடியாது, வா" என்றார். மகன் கை வேண்டுமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் சட்டை எதும் இருக்கா?" என்று கேட்டார். நீ விட்டுப்போன நீலச் சட்டை இருந்தது. போட்டுக்கொண்டேன். தோளில் தொங்கியது. "ஒங்கும்மாவுக்குக் கண்ணு எப்பவுமே மட்டம்தான், சமாளிச்சிரலாம்" என்றார்.

முதல் பிடியை நான் அள்ளினேன். "உம்மா, நான் பொண்டாங்" என்று சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அலை காலடியில் இருந்தது. அவள் முழுதாக இருந்தாள். என்னைவிட நல்ல பற்கள். நீ அனுப்பிய துணியில் சுற்றினேன். நல்ல துணிதான்.

குன்றில் மண் சிவப்பு, ஒட்டிக்கொள்கிறது. உம்மா ஆயுளில் மூன்று தடவைதான் கரை ஏறியிருக்கிறாள். மூன்று தடவையும் தரை ஆடவில்லை என்று தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இப்போது எப்படி இருக்கிறாளோ, கேட்க முடியவில்லை.

மீசான் கட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன். அந்தக் கோடு இனி எதன்மேலும் போகாது.

மறுநாள் விடியும்போது திட்டு இல்லை. அங்கே தண்ணீர் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மர்வியா


மந்தாலு
2 பிப்ரவரி 1997

தம்பி பொண்டாங்குக்கு, வ அலைக்கும் ஸலாம். நீ எழுதாமல் விட்ட சலாமுக்கும் சேர்த்து. உன் டிசம்பர் கடிதம் நேற்று வந்தது. மச்சான் தூங்கிய பிறகு படித்தேன். இங்கே எல்லோரும் சுகம்.

தவுக்கே வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். முனையில்லாத ஈட்டியை யாரும் அவ்வளவு நேர்த்தியாகத் துடைத்து மூலையில் வைக்கமாட்டார்கள். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பதினேழு மாதம் எடுத்துக்கொண்டாய். கடிதமும் கப்பலும் அதைவிட வேகம்.

இனி ஒரு செய்தி. போன வெள்ளி விடியும்போது அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பலகைக்குக் கீழே கரக், கரக் என்று சத்தம். மச்சானை எழுப்பினேன். "எலி" என்றார். எலி பவளம் தின்னாது என்றேன். இருவரும் இடுக்கில் கண்ணை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தோம். இருக்கின்றன. எத்தனை என்று எழுதமாட்டேன். எங்கே தூங்குகின்றன என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. உன் முதலாளி மறுபடி கேட்டால், அந்த ஊரில் பலகை மட்டும்தான் உண்டு என்று சொல்.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று வந்தது. பெரியது. நெற்றியில் ஓட்டை, ஓட்டைக்குள் இரும்பு. நம் வீட்டுத் தூணில் ஒருமுறை முட்டியது. வீடு முழுக்க அதிர்ந்தது. பிறகு பவளத்தைக் கடித்தது. சத்தம் வந்தது. கழித்தது. வெள்ளையாக விழுந்ததை நான் பார்த்தேன். ஒரு பிடி இருக்கும்.

மீன் கப்பல் ஏறாது என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாளைக் காலை கப்பலின் வயிற்றுக்குள் போய் எண்ணிப் பார். இருபத்தேழுதான் இருக்கும். அது வந்து சேர்ந்துவிட்டது. நீதான் பாக்கி.

எந்தக் கையால் அள்ளுவது என்று கேட்டிருந்தாய். அள்ளுகிற வேலை முடிந்துவிட்டது. அதற்காகக் கூச்சப்படவேண்டாம். தூக்குகிற வேலை ஒன்று இருக்கிறது. குன்றில் உம்மாவுக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளம் இல்லை. கட்டை நடப்போவதில்லை, கட்டையை யாராவது எதனோடாவது சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் கரையில் கிடக்கிற கறுப்புக் கல்லில் இரண்டு வேண்டும். கனமாகப் பார்த்து எடு, அவள் தலைசுற்றி எழுந்துவிடாதபடி.

தபாலில் அனுப்பாதே.

உன் அக்கா
மர்வியா